போகாமலே தெரிந்த ஊர்

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கனமான பார்சல். பிரித்தால் உள்ளே பாடப் புத்தகங்கள். மேலே அனுப்புநர் முகவரி: அண்ணாமலை நகர் – 608 002.

தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளுக்கு அந்த ஊர் இப்படித்தான் அறிமுகமானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. முடித்தவர்கள், கல்யாணத்தால் நின்றுபோன படிப்பைத் தொடர்ந்த அம்மாக்கள், பதவி உயர்வுக்காக எம்.ஏ. எழுதிய ஆசிரியர்கள் என்று பலர் வாழ்க்கையில் அந்த முகவரி நுழைந்தது. பட்டம் கொடுத்த ஊரைக் கண்ணால் பார்க்காமலே பட்டதாரி ஆனவர்கள் உண்டு. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழில் ஊர்ப் பெயர் இருக்கும். மனதில் ஊரைப் பற்றிய படம் எதுவும் இருக்காது.

பெயரைக் கேட்டதும் மலையைத் தேடுபவர்களும் உண்டு. “திருவண்ணாமலைக்குப் பக்கத்துலயா?” என்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலையே கிடையாது. வயலும் வாய்க்காலுமாகக் கடலை நோக்கிப் போகிற சமவெளி அது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி எழுந்த ஊர் என்பதால் அவர் பெயரே ஊர்ப் பெயர் ஆனது. சிதம்பரம் ரயில் பாதைக்கு மேற்கே நடராஜர் கோயில் ஊர். கிழக்கே பல்கலைக்கழக ஊர். இன்னும் கிழக்கே போனால் பிச்சாவரம், அப்புறம் கடல்.

ஓர் ஊருக்குப் போகாதவர்கள் மனதில் ஒரு படம் இருக்கும். போய் வந்தவர்கள் மனதில் வேறொரு படம் இருக்கும். இந்த வித்தியாசம் வெறும் வாய்ப்பேச்சுச் சங்கதி அல்ல. பிச்சாவரத்தில் துடுப்புப் போடுபவருக்கு அன்றைக்குச் சவாரி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வதே அந்தப் படம்தான்.

‘மூணு நாள் லீவு… எங்க போலாம்?’

தொடர் விடுமுறைக்கு முந்தைய வாரம், சென்னையில் ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“சிதம்பரம், பிச்சாவரம் பக்கம் போலாமாப்பா? படகுல போற வீடியோ பாத்தேன், செமயா இருக்கு” என்று மகள் ஆரம்பிப்பாள்.

“கடலூர் பக்கமா? அது புயல் வர்ற ஊரும்மா.”

“பிப்ரவரி மாசத்துல ஏதுப்பா புயல்?”

“காலேஜ்ல டூர் கூட்டிட்டுப் போனாங்க. கோயிலைப் பாத்துட்டா அப்புறம் அங்க என்ன இருக்கு?” என்பார் அம்மா.

“சரி, பாண்டிச்சேரியில தங்கிக்கலாம். நேரம் இருந்தா அப்படியே ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்” என்று அப்பா தீர்ப்புச் சொல்வார்.

மூலையில் இருந்து பாட்டியின் குரல் வரும். “தில்லைக்கு ஒரு தடவை போகணும்னு நானும் முப்பது வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். யாரு காதுல விழுது?”

நாலு பேரும் பேசுவது ஒரே ஊரைப் பற்றித்தான். ஆனால், மகள் பேசுவது வீடியோவில் பார்த்த ஊர். அப்பா பேசுவது செய்தியில் பார்த்த ஊர். அம்மா பேசுவது அரை நாளில் பார்த்த ஊர். பாட்டி பேசுவது பெரியபுராணத்தில் கேட்ட ஊர்.

வராதவர், வந்தவர், திரும்ப வருபவர்

சுற்றுலாவை ஆராய்பவர்களுக்கு இது பழைய விஷயம். ஓர் இடத்தைப் பற்றிய மனப்படம் இரண்டு வழிகளில் உருவாகிறது என்று 1972-லேயே எழுதினார் கிளேர் கன் என்ற அமெரிக்க ஆய்வாளர். ஒன்று, தானாகப் படிவது. செய்தி, பாடப் புத்தகம், கதை, சினிமா, சித்தப்பா சொன்னது எல்லாம் இதில் சேரும். மற்றொன்று, ஊரை விற்பதற்காக வரையப்படுவது. விளம்பரமும் சுற்றுலாக் கையேடும் இந்த வகை.

1991-ல் ஃபேகே, கிராம்ப்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொன்று செய்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி, குளிர்காலத்தில் வடக்கத்திய மாநிலத்தவர்கள் வந்து தங்கும் இடம். அதைப் பற்றி இன்னும் வராதவர்கள் என்ன நினைக்கிறார்கள், முதல் தடவை வந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள்.

அதே மூன்று கண்களால் கடலூரையும் சிதம்பரத்தையும் பார்த்தால், ஒரு தமிழ்க் குடும்பத்தின் விடுமுறைப் பேச்சு முழுக்கப் புரிந்துவிடும்.

கூண்டு ஏறிய ஊர்

‘கடலூர் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’

இந்த வரியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் ஓர் ஐப்பசி, கார்த்திகையைக் கடந்ததில்லை. கடலூருக்கு ஒரு தடவையும் போகாதவர்களுக்கும் இது மனப்பாடம். 1-ம் எண் கூண்டு என்றால், எங்கோ தொலைதூரக் கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்று கப்பல்களுக்கும் படகுகளுக்கும் சொல்வது. ஆபத்து மிகப் பெரிது என்றால் 8, 9, 10 என்று எண் ஏறும். ஆனால் வீட்டில் டி.வி. பார்ப்பவருக்கு எண் காதில் விழாது. ‘கடலூர்’, ‘புயல்’ என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் சேர்ந்து விழும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டம் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. தாத்தா வைத்த மரத்தில் பேரன் காய் பறித்துக்கொண்டிருந்த குடும்பங்கள், ஒரே ராத்திரியில் மறுபடியும் கன்று நடும் நிலைக்கு வந்தன. 2015-ல் வெள்ளம். 2024-ல் ‘ஃபெஞ்சல்’ புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டு கடலூருக்குள் புகுந்தது. ஒவ்வொரு தடவையும் முழங்கால் தண்ணீரில் மைக்கைப் பிடித்தபடி ஒரு செய்தியாளர் நின்றார். போகாதவர்களின் மனதில் கடலூர் இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘தானே’ கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. ‘ஃபெஞ்சல்’ கரை கடந்தது புதுச்சேரிக்குப் பக்கத்தில். இரண்டு ஊர்களுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். அதே கடல், அதே காற்று, அதே மழை. ஆனால் புதுச்சேரி என்றால் ‘லீவு’ என்றும், கடலூர் என்றால் ‘புயல்’ என்றும் பதிவாகியிருக்கிறது. புதுச்சேரியைப் பற்றி மஞ்சள் சுவர், பிரெஞ்சுத் தெரு, கடற்கரை நடை என்று ஏற்கெனவே ஒரு படம் மனதில் உண்டு. அதன்மேல் புயல் செய்தி விழுந்தாலும் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். கடலூரைப் பற்றி வேறு படம் இல்லாதவர்களுக்குப் புயல் மட்டுமே படமாக நின்றுவிடுகிறது.

அந்த இடத்தில் வைப்பதற்குப் படம் இல்லாமல் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் அவர்களுக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அப்படிக் கைக்கு வந்த கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார்கள். வெள்ளிக் கடற்கரையில் மணலில் வீடு கட்டி விளையாடும் குழந்தைகளுக்கு இந்தக் குண்டுக் கதையைச் சொன்னால், திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘அந்தப் பக்கம் போனதே இல்லை’ என்று சொல்லும் சென்னைவாசிகளில் பலர் வீராணம் ஏரித் தண்ணீரைக் குடித்தவர்கள். 2004 முதல் அது இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கோ அந்த ஏரி முதல் அத்தியாயத்திலிருந்தே பழக்கம். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது அந்த ஏரிக்கரையில்தான். நெய்வேலி மின்சாரம் எத்தனையோ வீடுகளில் எரிகிறது. பண்ருட்டி முந்திரி தீபாவளிப் பலகாரத்தில் இருக்கிறது. இவர்கள் அந்த ஊருக்குப் போகவில்லையே தவிர, அந்த ஊர் இவர்கள் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அரை நாள் விருந்தாளி

இரண்டாவது கூட்டம், ஒரு தடவை வந்தவர்கள்.

இவர்களின் கால அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலை டிபனுக்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து கார் கிளம்பும். பத்தரை மணி வாக்கில் பிச்சாவரம். படகு, போட்டோ. அங்கிருந்து சிதம்பரம் வந்து சேரும்போது நண்பகல் தாண்டிவிடும். நடை சாத்தியிருப்பார்கள், திறக்கச் சாயங்காலம் ஆகும். கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி, பக்கத்தில் சாப்பாடு, அடுத்து தரங்கம்பாடியோ வேளாங்கண்ணியோ. பட்டியலில் ‘சிதம்பரம்’ என்ற பெயருக்கு நேரே ஒரு டிக்.

வீட்டுக்குப் போய் இவர்கள் சொல்வது: “பிச்சாவரமா? பரவாயில்லை. ரொம்பப் பெருசா சொன்னாங்க.”

தப்பு முழுக்க இவர்கள்மேல் இல்லை. பெரிதாகச் சொன்னவர்கள்மேலும் உண்டு. பிச்சாவரம் ‘உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு’ என்ற வாசகம் பல இடங்களில் சுற்றுகிறது. அது சரியல்ல. ஒடிசாவின் பிதர்கனிகாவும் ஆந்திராவின் கோரிங்காவும் இதைவிடப் பெரியவை. தமிழ்நாட்டுக்குள்ளேயே முத்துப்பேட்டை பெரியது. உலகச் சாதனையை எதிர்பார்த்து வருபவருக்கு, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஐம்பது சொச்சம் தீவுத் திட்டுகளாகக் கிடக்கும் இந்தச் சின்னக் காடு ஏமாற்றமாகத்தான் தெரியும். அளவை மறந்துவிட்டுத் துடுப்புப் படகில் ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைந்தால், இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் வளைந்து தண்ணீருக்குள் இறங்கும். மேலே கிளைகள் கூரை போடும். துடுப்பின் ஓசை மட்டும் கேட்கும். 1975-ல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் இதுதானா என்று பெரியவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கோயிலுக்கும் இதே கதை. நடராஜரின் கால் பெருவிரல் ‘பூமியின் காந்த மையப் புள்ளியில்’ இருப்பதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக் கணக்காகச் சுற்றுகிறது. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் கோடு. அதற்கு மையப் புள்ளி என்று ஒன்று கிடையாது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிப் போகிறது; காலப்போக்கில் இடமும் மாறுகிறது. ஆனந்தத் தாண்டவ மூர்த்திக்கு இந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம். திரையை விலக்கினால் உருவம் எதுவும் இல்லாமல் வெறும் வெளியும் தங்க வில்வ மாலைகளும் தெரியும் சிதம்பர ரகசியம், கோபுர வாயிற் சுவர்களில் கல்லாகி நிற்கும் 108 நாட்டியக் கரணங்கள், சிவன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாள். இவ்வளவும் அங்கே நிஜமாகவே இருக்கிறது. நின்று பார்க்க நேரம்தான் வேண்டும்.

‘சேத்து நாத்தம்’ சொல்லும் கதை

அரை நாள் விருந்தாளிகளின் இன்னொரு புகார், பிச்சாவரத்துச் சேற்று வாடை.

வாடை வருவது உண்மைதான். விழுந்த இலைகள் காற்றுப் புகாத சேற்றில் மக்கும்போது வருகிற வாடை அது. அந்த மக்கிய இலையில்தான் இறால் குஞ்சும் நண்டும் மீனும் வளர்வதற்கான உணவு தொடங்குகிறது. மதியச் சாப்பாட்டில் இறால் தொக்கைச் சப்புக் கொட்டிச் சாப்பிட்டவர், காலையில் மூக்கைப் பொத்தியது அதன் தொட்டிலுக்கு முன்னால்.

அந்தக் காட்டில் தில்லை என்றொரு மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கிளையை ஒடிக்கக் கூடாது. கோயிலின் தல விருட்சமான இந்த மரத்தைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். கோயிலும் காடும் இரண்டு தனித்தனிச் ‘ஸ்பாட்’ என்று நினைப்பவர்களுக்கு, ஊரின் பெயரே இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பது தெரியாமல் போய்விடுகிறது.

சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரத்தில் 18 மீனவக் குக்கிராமங்களை ஆராய்ந்தார்கள். கரையோரத் தாவரங்கள் அதிகம் இருந்த இடத்திலும், குடியிருப்பு கடலிலிருந்து தள்ளியும் மேடாகவும் இருந்த இடத்திலும் உயிரிழப்பும் பொருள் இழப்பும் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். காட்டின் பங்கு எவ்வளவு, தூரமும் மேடும் காப்பாற்றியது எவ்வளவு என்று மற்ற ஆய்வாளர்கள் பிறகு வாதம் செய்தார்கள். ஆனாலும், வெறும் ‘போட்டிங்’ இடமாகத் தெரிந்த காட்டைக் கரையின் வேலியாகப் பலர் பார்க்கத் தொடங்கியது அந்த டிசம்பருக்குப் பிறகுதான்.

அந்தக் காடே ஒரு காலத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மரம் வெட்டியும் மாடு மேய்த்தும் உள்ளூர் மக்கள் அழித்ததால்தான் காடு சுருங்கியது என்று நம்பப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இறங்கிப் பார்த்தபோது வேறு காரணம் கிடைத்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டே, பகுதி பகுதியாகக் காட்டை மொத்தமாக வெட்டும் வழக்கம் இருந்திருக்கிறது. வெட்டவெளியான தரை வெயிலில் காய்ந்து தாழ்ந்து, கிண்ணம் போல் ஆகிவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பாகிவிட்டது. உப்பு மண்ணில் மரம் எப்படி முளைக்கும்? கால்வாய் வெட்டி, ஓதம் ஏறவும் வடியவும் வழி செய்து, கிராம மக்களும் வனத்துறையும் சேர்ந்து கன்று நட்டார்கள். காடு திரும்ப வந்தது. 2022-ல் பிச்சாவரம், சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே தண்ணீரில் இறங்கி, வெறும் கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணி எடுக்கும் படத்தில் அவர்கள் பின்னணியில் ஒரு புள்ளியாக விழுவார்கள். அவர்களுக்கு அந்தக் கால்வாய்தான் அடுப்படியும் அலுவலகமும். ‘போட்டிங் ஸ்பாட்’ என்ற படத்தோடு வருபவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார். காலி பாட்டிலைத் தண்ணீரில் விடுவார். அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் நிற்கிறோம் என்று தெரிந்தால் அந்தக் கை தானாகவே தயங்கும்.

திரும்ப வருபவர்களின் வரைபடம்

மூன்றாவது கூட்டத்தின் வரைபடமே வேறு.

அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படித்தவர்களைக் கேட்டால், பார்க்க வேண்டிய இடம் என்று முதலில் கோயிலைச் சொல்லமாட்டார்கள். விடுதி அறையின் ஜன்னல், ராத்திரி டீக்கடை, சாஸ்திரி மன்றத்தின் படிக்கட்டு என்று போகும் பட்டியல். 1965 மொழிப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் ராஜேந்திரனின் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து மனைவி, பிள்ளைகளோடு வந்து, “இங்கதான் நாங்க உக்காந்திருப்போம்” என்று ஒரு மரத்தடியைக் காட்டுவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடும். அவர்களுக்குக் கண் கலங்கும்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் வருடம் தவறாமல் வருகிறவர்கள் உண்டு. 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலிக்குச் சலங்கையோடு வரும் பெண்கள் உண்டு. இவர்களுக்கு ஊரின் நேரம் தெரியும். எப்போது நடை திறக்கும், அர்த்தஜாம மணி எப்போது ஒலிக்கும், கத்திரிக்காய் கொத்சு எந்தக் கடையில் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதெல்லாம் அத்துப்படி.

இவர்கள் போகாத இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அது உள்ளூர்க்காரர்கள். “பிச்சாவரமா? சொந்தக்காரங்க வந்தா கூட்டிட்டுப் போவோம். நாம தனியா போய் என்னத்தப் பாக்குறது?” என்ற பேச்சு சிதம்பரத்துத் தெருக்களில் சகஜம். பக்கத்திலேயே இருப்பதால் நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு, போகாமலே இருப்பவர்கள் இவர்கள். வெளியூர்க்காரர் “உங்க ஊர்ல என்ன பாக்கலாம்?” என்று கேட்டால், “ஒண்ணும் பெருசா இல்லீங்க” என்ற பதில் வருவதும் இங்கிருந்துதான். ஊரைப் பற்றிய படத்தைச் சுருக்குவதில் உள்ளூர்க்காரரின் அடக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு ராத்திரி போதும்

அரை நாளை ஒன்றரை நாளாக்கினால் என்ன மாறும்?

முதல் நாள் மதியம் வந்து சேரலாம். சாயங்காலம் நடை திறந்த பிறகு கோயிலுக்குள் அவசரமில்லாமல் நடக்கலாம். முடிந்தால் அர்த்தஜாம பூஜை வரைக்கும் இருக்கலாம். ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். மறுநாள் காலை முதல் வேலையாகப் பிச்சாவரம். வெயில் ஏறுவதற்கு முன், மோட்டார் படகில் இல்லாமல் துடுப்புப் படகில். ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைவதற்கு அதுதான் சௌகரியம். துடுப்புப் போடுபவரோடு பேசிக்கொண்டே போவதற்கும் அதுதான் வசதி. ‘இது என்ன மரம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். திரும்பும் வழியில் வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபை. அங்கே தருமச்சாலையில் 1867-ல் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு வருபவருக்குச் சாப்பாடு உண்டு. இல்லையென்றால், கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஒரு மாலை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். எச்சரிக்கை இருக்கும் நாளில் படகு கட்டிக் கிடப்பதே நல்லது. ஆனால், வானம் வெளுத்து, தண்ணீர் வடிந்து, ஊர் எழுந்து நின்ற பிறகும் பழைய செய்திப் படம் மட்டும் மனதில் வடியாமல் நிற்பது வேறு விஷயம். அப்போது ரத்தாகும் ஒவ்வொரு பயணமும், புயலில் ஏற்கெனவே அடிபட்டவருக்கு விழும் இரண்டாவது அடி. லாட்ஜில் அறை காலி, ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லை, படகுத் துறையில் துடுப்பு ஓய்ந்து கிடக்கிறது. இந்த நஷ்டத்துக்கு எந்தக் கூண்டும் ஏற்றப்படுவதில்லை.

நாளைப் போவார்

சிதம்பரத்துக்குப் போகாதவர்களில் தலையாயவர் ஒருவர் உண்டு. ஆதனூர் நந்தனார். தில்லைக்குப் போக வேண்டும் என்று உருகியவர். ‘நாளைப் போவேன்’ என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லியே, ‘திருநாளைப்போவார்’ என்று பெயர் பெற்றவர். அவரைத் தடுத்தது தூரம் இல்லை. ஆதனூர் தில்லைக்குப் பக்கத்து ஊர்தான். புயலும் இல்லை, செலவும் இல்லை. பிறந்த சாதியின் பேரால் போடப்பட்ட வேலி. அறுபத்து மூவரில் ஒருவராக இன்று வணங்கப்படும் அவர், அன்று ஊர் எல்லையிலேயே நிற்க வேண்டியிருந்தது என்கிறது புராணம். போகாத நாளெல்லாம் அவர் மனதில் இருந்த தில்லை, போய் வந்த பலர் பார்த்த தில்லையைவிடப் பெரியது.

இன்றைக்குச் சென்னையிலிருந்து ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. போவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் எப்போதோ பார்த்த ஒரு செய்தியும், யாரோ சொன்ன ஒரு வார்த்தையும்தான்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வரும்போது, மூலையில் இருக்கும் பாட்டியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். “நாளைக்குப் போலாம் பாட்டி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கும் பதில் அது.